ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், அறுபத்தொரு மரங்கள்

1. எந்தப் பைலில் வைப்பது

மரத்தை வெட்ட அனுமதி கேட்பவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் நான்கு வகைப் பாரங்கள் இருந்தன. மரத்தைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ரூத் என் மேஜைக்கு எதிரே வந்து நின்ற காலையில் எனக்கு ஏற்பட்ட முதல் சிக்கல் அதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் மரங்கள் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் நான் சூப்பரின்டெண்ட். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். இதைப் படிக்கும் இளையவர்களில் சிலர் நாளை அங்கே வேலைக்குச் சேரக்கூடும். அவர்களை முன்கூட்டியே பயமுறுத்துவானேன்.

ரூத்துக்கு இருபது வயது. ஸ்காட்லாந்தில் காட்டியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறையில் வெளிநாடு ஏதாவது ஒன்றுக்குப் போய், சம்பளமில்லாமல் ஆறு வாரம் மரப் பாதுகாப்பு வேலை செய்து, அறிக்கையும் சான்றிதழும் கொண்டுபோனால்தான் அந்த ஆண்டுப் படிப்பு முடிந்ததாகக் கணக்கு. கையில் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம். அதில் ‘வேண்டிய உதவி செய்யவும்’ என்று இருந்தது. மேலிடம் இப்படி எழுதினால், ஏதாவது தவறு நடந்தால் நீங்களே பொறுப்பு என்று பொருள்.

எங்கள் அதிகாரி புட்டசாமி கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் பேசியது கன்னடத்தில். நான் தமிழில் தருகிறேன்.

“ஷண்முகம், இது யாரோட சீட்டுக்கு வரும்?”

“யாரோட சீட்டுக்கும் வராது சார்.”

“அப்படின்னா உங்களுக்கு வரும்.”

‘இதர’ என்று எழுதிய பைலைத் திறந்து, ரூத்தை அதில் முதல் பக்கமாக வைத்தேன்.

அவளுக்கு ஒரு சாலையை ஒதுக்கினோம். இருபுறமும் பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரங்கள், ஒரு முனையில் மட்டும் சில சில்வர் ஓக். ஒவ்வொரு மரத்தையும் அளந்து நோட்டில் பதிய வேண்டும். பட்டையில் அடித்திருக்கும் ஆணி, போர்டு, கம்பியைப் பிடுங்க வேண்டும். வேரைச் சுற்றிப் பூசிய சிமென்ட்டை உடைத்து மண்ணைக் கிளறிவிட வேண்டும். இதைச் செய்யவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாய் என்று கேட்டேன். எங்கள் ஊரில் மரத்தில் யாரும் ஆணி அடிப்பதில்லை, அதனால் பிடுங்கிப் பழக வாய்ப்பில்லை என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. இவளுடன் ஆறு வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்று அப்போதே தெரிந்தது.

2. யாருடைய மார்பு

முதல் நாளே தகராறு. மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. அந்த மார்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதில்தான் வேறுபாடு. ரூத் ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டரில் டேப்பைச் சுற்றினாள். நான் முப்பத்தேழு என்றேன்.

“மிஸ்டர் ஷண்முகம், இந்த முப்பத்தேழு எங்கிருந்து வந்தது?”

“உங்கள் ஆட்கள்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலரை அடி.”

“நாங்கள் அதை எப்போதோ மாற்றிவிட்டோமே.”

“எங்களுக்குச் சர்க்குலர் வரவில்லை.”

அவள் நோட்டில் இரண்டு பத்தி போட்டாள். ஒன்று அவர்கள் மார்பு, ஒன்று எங்கள் மார்பு. அந்த இரண்டாவது பத்தி பிற்பாடு எவ்வளவு பயன்படப்போகிறது என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

இரண்டாம் நாள், அளந்த மரத்தையே மறுபடி அளக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டாள். சிறு தகர அட்டைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது அவள் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் தகர அட்டை வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்று கொட்டேஷன் வருவதற்குள் அவள் ஸ்காட்லாந்தில் இருப்பாள்.

எங்கள் ஸ்டோரில் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் இருந்தது. கூடவே கறுப்பு மையும் எண் அச்சுத் தகடுகளும். நானே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொடுத்தேன். முறையையும் சொல்லிக்கொடுத்தேன். பட்டையை லேசாகச் சுரண்டு. ஒரு சாண் சதுரத்துக்கு வெள்ளை அடி. காய்ந்ததும் நடுவில் கறுப்பில் எண். எண் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், லாரியில் உட்கார்ந்தபடியே படிக்கும்படி.

“லாரியிலிருந்து யார் படிப்பார்கள்?” என்றாள்.

“அதுதான் முறை” என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ மரங்களுக்கு எண் போட ஏற்பாடு செய்தவன் நான். அத்தனையும் வெட்டுவதற்காக. வேறு எதற்காகவும் மரத்துக்கு எண் போட்டதே இல்லை. பெயின்ட் டப்பாவை அவளிடம் நீட்டியபோது அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. எந்த விதியையும் பக்க எண்ணோடு சொல்லக்கூடியவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன்.

3. ஓர் ஆணிக்கு விதிவிலக்கு

நான்காம் எண் மரம் பெரிய தூங்குமூஞ்சி. அதன் நிழலில் கன்னியம்மாவின் இஸ்திரி வண்டி நின்றது. சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். கணவர் சாரத்தில் ஏற முடியாமல் போன பிறகு, அந்தத் தெருத் துணிகளை வெளுத்து இஸ்திரி போட்டுக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். என் சட்டைகளும் அங்கேதான் போகும்.

ரூத் அந்த மரத்திலிருந்து முப்பத்தெட்டு ஆணி பிடுங்கினாள். வாடகைக்கு வீடு, டைப்பிங் வகுப்பு, மூலத்துக்கு மருந்து என்று மரமே ஒரு தினசரியாக இருந்தது. முப்பத்தொன்பதாவது ஆணியில் கன்னியம்மா கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“இதை மட்டும் விட்டுரு ரூத்தம்மா. சட்டை எங்க மாட்டறது, உன் தலையிலயா?”

நான் மொழிபெயர்த்தேன். ரூத் தன் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து மரத்தைச் சுற்றி இறுக்காமல் கட்டி, அதில் ஒரு கொக்கியை மாட்டினாள். பிறகு முப்பத்தொன்பதாவதையும் பிடுங்கினாள். கன்னியம்மா கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, “பரவால்ல, படிக்கிற புள்ளைதான்” என்றார். அதற்குப் பிறகு ரூத்தின் சட்டைகளும் அந்தக் கொக்கிக்கு வந்தன.

நான்காவது வாரத்தில் அறுபத்தொரு மரங்களும் எண்ணோடு நின்றன. பார்க்க அழகாக இருந்தது. அதிகாரிகூட ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, “நீட்டா இருக்கு” என்றார். சாலையில் போன எங்கள் துறை ஆட்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எண் போட்ட மரத்தைப் பார்த்தால் எங்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் தோன்றும்.

4. ஒன்று முதல் ஒன்பது வரை

திங்கள்கிழமை காலை. அக்ரஹாரத்தில் என் வீட்டு வாசலில் கன்னியம்மா மூச்சு வாங்க நின்றார்.

“சார், பேகனே வாங்க. நம்ம மரத்த வெட்டறாங்க.”

பேகனே என்றால் சீக்கிரம். அவர் அவசரத்தில் எப்போதும் கன்னடத்துக்குப் போய்விடுவார். ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

லாரி நின்றது. முதலாம் எண் மரத்தின் ஒரு கிளை ஏற்கெனவே தரையில் கிடந்தது. நான்காம் எண் மரத்தில் கயிறு போட்டிருந்தார்கள். அதற்கும் ரம்பக்காரர்களுக்கும் நடுவில் இஸ்திரி வண்டியைக் குறுக்கே தள்ளி, அதைப் பிடித்துக்கொண்டு ரூத் நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கன்னடச் சொல்லான ‘பேடா’, அதாவது வேண்டாம், என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காண்ட்ராக்டர் பழனிச்சாமி எனக்குத் தெரிந்தவர்தான். இருவருக்கும் சொந்த ஊர் ராமாபுரம். மரியாதைக்காரர். கையில் வெட்டு உத்தரவு.

“வாங்க சார். அந்தப் புள்ள யாருங்க? வேலையைச் செய்ய உட மாட்டேங்குது.”

“யாரைக் கேட்டு வெட்டறீங்க?”

“உங்களைக் கேட்டுத்தானுங்க. இது உங்க கையெழுத்துத்தானுங்களே?”

என் கையெழுத்துத்தான். அந்தச் சாலையில் ஒரு முனையை அகலப்படுத்த, எண் ஒன்று முதல் ஒன்பது வரை வெட்ட மழைக்கு முன்பே டெண்டர் விட்டிருந்தோம். அவை சில்வர் ஓக் மரங்கள். அப்போது போட்ட எண்கள் மழையில் கரைந்துபோயிருந்தன. ரூத் எதிர் முனையிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தாள். ஆக, காகிதத்தில் இருந்த ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் உயிர் போக வேண்டியவை சாலையின் அந்தக் கோடியில். என் பெயின்ட்டில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எழுதப்பட்டவை இந்தக் கோடியில்.

“பேப்பர்ல நம்பர் இருக்குதுங்க. மரத்துல நம்பர் இருக்குதுங்க. இதுக்கு மேல என்னங்க வேணும்?” என்றார் பழனிச்சாமி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அப்போது கன்னியம்மா என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை.

“சார், நாங்க துணிக் காலர்ல மார்க் போடறது தொலையாம இருக்கத்தான். அந்த மார்க்க வச்சுத்தான் உங்க சட்டை உங்களுக்கே திரும்பி வருது. நீங்க மார்க் போட்டா வெட்டிடுவீங்களா?”

பழனிச்சாமியின் கையிலிருந்த வெட்டு உத்தரவை வாங்கிக்கொண்டு ரூத்தின் பக்கம் திரும்பினேன்.

“நோட்டை எடு. எங்கள் மார்பு.”

உத்தரவை வரி வரியாகப் படித்தேன். எண் நான்கு, சில்வர் ஓக், சுற்றளவு ஒரு மீட்டர் இருபது. ரூத் தன் இரண்டாவது பத்தியைப் படித்தாள். எண் நான்கு, தூங்குமூஞ்சி, நான்கு மீட்டர் பத்து. டேப்பின் ஒரு முனையைப் பழனிச்சாமியிடமே கொடுத்து, சுற்றச் சொன்னேன். சுற்றினார். நான்கு மீட்டர் பத்து.

“நம்பர் சரியா இருக்குதுங்களே” என்றார், கொஞ்சம் குரல் இறங்கி.

“சுற்றளவு தப்பு. சுற்றளவு தப்புன்னா மரம் தப்பு. சரி, அடியில சுத்தியல் முத்திரை எங்க?”

வெட்டப்போகும் மரத்தின் அடியில், கட்டை மிஞ்சும் இடத்தில், எங்கள் சுத்தியலால் முத்திரை அடித்திருப்போம். முத்திரை இல்லாத மரத்தைத் தொட்டவர் மேல் வழக்குப் போடலாம். பழனிச்சாமி குனிந்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எழுந்தபோது கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“சரிங்க. அந்த முனையில முத்திரை போட்ட மரம் இருக்குமில்லீங்க? அதை வெட்டிக்கிறேன்.”

“அதுல முத்திரை இருக்கும். நம்பர் அம்பத்திமூணுல இருந்து அறுபத்தொண்ணு வரைக்கும் இருக்கும். உத்தரவுல அப்படி நம்பர் இல்லையே.”

பழனிச்சாமி உத்தரவை என்னிடமிருந்து வாங்கி மடித்தார்.

“ஊர்க்காரருன்னு பேரு. இந்த முனையிலயும் வெட்டக்கூடாது, அந்த முனையிலயும் வெட்டக்கூடாது. வெறும் லாரியைக் கழுவிட்டுப் போறதுங்களா?”

அப்படித்தான் போனார். மறுவாரம் கொள்ளேகால் பக்கம் யூகலிப்டஸ் வேலை கிடைத்ததால் பகை மிஞ்சவில்லை.

5. இரலி

அலுவலகத்தில் புட்டசாமி கதவைச் சாத்தினார்.

“அந்தப் பொண்ணு தெரியாம எழுதிட்டான்னு நோட் போடுங்க. பர்மிஷனை ரத்து பண்ணி அனுப்பிடலாம். வெளிநாட்டுக்காரி, மெமோ கொடுக்க வேண்டியதில்லை, பதில் வாங்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் சௌகரியம்.”

சௌகரியம்தான். அவளுக்கு மட்டும் ஓர் ஆண்டு போயிருக்கும். நான் நோட் ஷீட்டில் எழுதினேன்: ‘பெயின்ட் என் கையெழுத்தில் வெளியே போனது. எண் போடும் முறையைச் சொல்லிக்கொடுத்தவனும் நானே.’ என் சர்வீஸ் ரிஜிஸ்டரில் ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி ஏறியது. அதிலுள்ள வரிகளில் நான் சம்பாதித்தது என்று சொல்லக்கூடியது அந்த ஒன்றுதான்.

எண்களை அழித்துவிடலாமா என்றார் அதிகாரி. மரத்தில் உள்ள அரசாங்கக் குறியை அழிப்பது குற்றம் என்று சட்டப் பிரிவைச் சொன்னேன். புதிதாக எண்ண மூன்று துறைகள் ஒன்றாக நேரில் வந்து பார்க்க வேண்டும். மூன்று துறைகளுக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைக்க வேண்டும். அதுவரை அந்தச் சாலையில் எதையும் வெட்ட முடியாது. நான் ஓய்வு பெற்ற நாள்வரை அந்த நாள் அமையவில்லை.

ஆனாலும் எண் அப்படியே நின்றால் இன்னொரு லாரி வருமே என்று ரூத் கவலைப்பட்டாள். வழி சொன்னவர் கன்னியம்மா.

“அழிக்கக் கூடாதுன்னா கூட எழுதலாமில்ல? நம்பர் கீழ ‘இரலி’ன்னு போட்டுரு.”

இரலி என்றால் கன்னடத்தில் ‘இருக்கட்டும்’. கூடுதலாக எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை; இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டேன். மிச்சமிருந்த கறுப்பு மையில், கன்னியம்மாவின் மகள் பலகையில் எழுதிக்காட்டிய எழுத்துகளைப் பார்த்து, ரூத் அறுபத்தொரு மரத்திலும் எழுதினாள். முதல் பத்து மரங்களில் எழுத்து கோணல். கடைசியில் இருந்த சில்வர் ஓக் மரங்களில் அச்சடித்தது போல இருந்தது.

முதலாம் எண் மரத்தில் கிளை போன இடத்தைச் சீராக அறுத்துவிட்டு, ஆறாவது வாரம் அவள் கிளம்பினாள். ஒரு ஜாம் பாட்டிலில் ஆணிகளை எடுத்துப்போனாள். விமான நிலையத்தில் கேட்டால் காட்ட, அவை மரத்திலிருந்து எடுக்கப்பட்டவை, மரம் நலம் என்று ஒரு கடிதம் அடித்துக்கொடுத்தேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். விதியைத் தெரிந்துவைத்திருப்பது பாதி வேலை. நீங்கள் போடும் குறியை நாளைக் காலை யார் வந்து, எதற்காகப் படிப்பார் என்று கேட்டுக்கொள்வது மீதி. நான் அந்த மீதியை ஓர் இஸ்திரி வண்டியின் பக்கத்தில் நின்றுதான் கற்றேன்.

அவளுடைய சான்றிதழுக்கும் எங்களிடம் பாரம் இல்லை. பழைய வெட்டு அறிக்கைத் தாளையே எடுத்துத் தலைப்பைக் கோடிட்டு அடித்துவிட்டு டைப் செய்தேன். அதில் வழக்கமாக நிரப்ப வேண்டிய இரண்டு கட்டங்கள் உண்டு. எண்ணிடப்பட்ட மரங்கள்: 61. எஞ்சி நிற்பவை: 61. புட்டசாமி கையெழுத்துப் போடும் முன், டைப்பிங் தவறு என்று நினைத்து என்னிடம் இரண்டு முறை கேட்டார்.