வெள்ளி மீன்

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவது சத்யப்பிரியாவின் வழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறேன். "சத்யா, சா..." என்று நான் வாயெடுத்தால், "சாப்பிட்டாச்சுக்கா" என்பாள். நான் கேட்க வந்தது அவர்கள் வீட்டுச் சாவியை.

அந்த வேகத்தால்தான் முதல் தடவை நீட் தேர்வில் கோட்டை விட்டாள். ஒவ்வொரு தப்பான பதிலுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். இவளுக்கு நாற்பத்தாறு தப்பு. தெரியாததை விட்டுவிட்டு வரலாம். அவளுக்கு மனசு வராது.

அவள் அம்மா இராமலட்சுமி ஊர் ஊராகப் போய் மீன் விற்பவள். "இன்னும் ஒரு வருசம் படி ஆத்தா. அதுலயும் ஆகலைன்னா கிடைக்கிற காலேஜுல சேந்துரணும். டாக்டர் பேச்சே..." என்று தொடங்கினாள். "எடுக்க மாட்டேன்" என்று சத்யா முடித்துவிட்டாள்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் படித்தாள். அவர்கள் வீட்டில் டிவி ஓடும். இங்கே என் தையல் மெஷின் மட்டும்.

ஒருநாள் மாலை இராமநாதபுரத்தில் கோச்சிங் முடிந்து, மாதிரித் தேர்வுத்தாளும் கையுமாக வந்து வாசலில் நின்றாள்.

"ஆன்சர் கீயே தப்பு. உண்மையான மீன் எதுன்னு கேட்டிருக்கான். ஜெல்லி மீன், நட்சத்திர மீன், வெள்ளி மீன், நாய் மீன். நான் வெள்ளி மீன்னு போட்டேன். நாய் மீன்தான் சரியாம்."

அவள் அப்பா முத்துகிருஷ்ணன் பக்கத்துத் திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "நாய் மீனா? முப்பது வருசமாக் கடலுக்குப் போறேன், எங்கனயும் குரைச்சுக் கேக்கலையே."

"அது ஒரு சுறாவாம்ப்பா."

"அப்பச் சுறான்னு போட வேண்டியதுதான?"

"வெள்ளி மீன்னா காரப்பொடிதான்" என்றாள் இராமலட்சுமி. "வெள்ளியாட்டம் மின்னுமே. நேத்துக்கூட ரெண்டு கூடை வித்தேன். அது மீனில்லாம கத்திரிக்காயா?"

தெருவே அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. வாத்தியாருக்குக் கடல் தெரியாது என்று முடிவாயிற்று.

எனக்கு மட்டும் வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் மீன்காரர்களிடம் மீனைப் பற்றி என்ன சொல்வது? மறுநாள் அவள் படிக்க வந்தபோது என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய அறிவியல் புத்தகத்தை அவள் முன் வைத்துப் பிரித்தேன். மினுமினுவென்று ஒரு பூச்சி நெளிந்து ஓடியது.

"இது பேரு என்னன்னு போன்ல பாரேன்" என்றேன்.

பார்த்தாள். மாதிரித் தேர்வுத்தாளை எடுத்து அந்தக் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இதுதான்க்கா வெள்ளி மீன். காகிதம் திங்கிற பூச்சி. நான் வெள்ளின்னு பார்த்ததும் காரப்பொடின்னு நினைச்சுப் போட்டுட்டேன்."

இராமலட்சுமி நம்பவில்லை. "பூச்சிக்கு மீன்னு பேரு வச்சவனைக் கூட்டிட்டு வா, காரப்பொடிக் குழம்பு ஊத்துறேன்" என்றாள். ஆனால் அன்றிலிருந்து சத்யா பேனாவை எடுத்து அவசரப்பட்டால், "வெள்ளி மீனு, வெள்ளி மீனு" என்று அவள் அம்மாவே சிரிப்பாள். சத்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வியை மறுபடி படிப்பாள்.

இரண்டாம் தேர்வுக்கு, அவர்கள் விதிப்படி அரைக்கை வைத்து, பட்டன் இல்லாமல் சுடிதார் தைத்துக் கொடுத்தேன். தேர்வு முடிந்து வந்தவளிடம் எல்லாரும் எத்தனை சரி என்று கேட்டார்கள். "அறுபத்திரண்டு கேள்வியைத் தொடவே இல்லை" என்று அதைத்தான் பெருமையாகச் சொன்னாள். ரிசல்ட் வந்தபோது தப்பு ஒன்பதுதான்.

எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அந்த மதிப்பெண் போதவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். முத்துகிருஷ்ணன் டாக்டர் என்றுதான் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் "சத்யா, சா..." என்பதற்குள் சாப்பிட்டாச்சு என்கிறாள்.