நுனியில்லாத மப்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. குழாயடியைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண்மணி, அதற்கு முன் நான் பார்த்தே இராதவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிறுத்தினார்.

"ஏங்க, சும்மாட்டுக்காரரு நீங்கதானா?"

பி.ஏ. படித்தவன். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு வம்பளக்கிறவன். இத்தனை இருந்தும் குழாயடி எனக்குக் கொடுத்திருக்கும் பட்டம் இது!

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க. பச்சையில."

தலையில் சுமை வைக்கிறவர்கள் துணியைச் சுருட்டி வளையமாக்கி அடியில் வைத்துக்கொள்வார்களே... அந்தச் சும்மாடுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன் - நான் பின்ன உட்கார்ந்தது மப்ளர்.

கதை ஐப்பசியில் ஆரம்பிக்கிறது. எனக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். மனைவி செண்பகம் பழநிக்காரி. அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குக் கடை. வெயிலை வெயில் என்றே நினைக்காமல் வளர்ந்தவளை அடைமழைக் காலத்தில் கொடைக்கானலில் கொண்டுவந்து இறக்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் புகை வந்தது. "என்னங்க இது?" என்று பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

கொடைக்கானல் குளிரைப் புகழ்ந்து நான் இங்கே மூன்று வாரம் தொடர்ந்து எழுதியது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். 'தோலைத் தொடாமல் மனதைத் தொடும் குளிர்' என்றெல்லாம்... அந்தப் பழைய இதழ் செண்பகத்தின் கையில் அகப்பட்டுவிட்டது.

"இத எழுதுனது நீங்கதானா?"

"ஏன், நல்லா இருக்கா?"

"எழுதயில எத்தன போர்வைக்குள்ள இருந்தீங்க?"

மூன்று. சொல்லவில்லை.

குளிர்கூடப் பரவாயில்லை. தண்ணீர்தான் பெரும்பாடு. குழாய் சரிவுக்குக் கீழே, வீடு நாற்பது படிக்கு மேலே. இந்த ஊர்ப் பெண்கள் தலையில் குடத்தை வைத்துக்கொண்டு கையை வீசி நடந்து வருகிறார்கள். செண்பகத்துக்கு இடுப்பில்தான் பழக்கம். படி ஏற ஏறத் தண்ணீர் தளும்பிப் புடவை நனையும். அதில் காற்று அடிக்கும். ஒருநாள் அவளும் ஒரு துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது படியில் சுருட்டு அவிழ்ந்தது. குடம் திரும்பக் குழாயடிக்கே உருண்டு போனது. கீழே சிரிப்பு. அன்றிலிருந்து அவர்களோடு பேச்சு இல்லை.

அன்று சாயங்காலம்தான் சொன்னாள்.

"தை பொறக்குற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இந்த ஊரு ஒத்து வரலைன்னா நான் பழநிக்குப் போயிருவேன். நீங்க மாத்தல் வாங்கிட்டு வந்து சேருங்க."

இதில் நியாயமில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் நானோ இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு இரண்டு வருஷம் தவம் கிடந்தவன்! ஆனாலும் வீரமாக ஒரு முழுத்தாளை எடுத்தேன். 'கீழே எங்காவது மாற்றித் தர வேணுமாய்ப் பணிவுடன்...' என்று மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி மட்டும் போடாமல் அவளிடமே கொடுத்தேன்.

"நீயே வெச்சுக்க. என்னிக்கு வேணும்னு தோணுதோ அன்னிக்கி எடுத்துக் குடு. மேலே அனுப்பிர்றேன்."

பெருந்தன்மை! உள்ளுக்குள், அவள் அதை எடுக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அவளுக்குக் குளிர் ஏறுவது கழுத்திலும் காதிலும்தான் என்று ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தேன். கடைத்தெருவில் காசிம் பாய் கடை. கம்பளிச் சரக்கெல்லாம் அவரிடம்தான். ஒரு மப்ளர் வாங்கி வந்து கொடுத்தேன். மூன்றாம் நாள், அடுப்பை ஊதக் குனிந்தாள். மப்ளரின் நுனி உள்ளே போயிற்று. ஒரு சாண் கருகல்.

"குளிருக்கு வாங்குனீங்களா, கொளுத்த வாங்குனீங்களா?"

அந்த வாரமே ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்தேன். கழுத்தில் மப்ளர்... ஆனால் நுனியே இல்லை! இரண்டு முனையையும் சேர்த்து ஒரே வளையம். எனக்குப் பளிச்சென்றது. நுனி இருந்தால்தானே அடுப்பில் விழும்?

"அது கடையில வராது தம்பி. அவங்களே வீட்ல போட்டுக்கறது" என்றார் காசிம் பாய்.

"அப்ப நானே போடுறேன்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆண்பிள்ளை பின்னக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? சைக்கிள் ஓட்டுவதற்கு முன் சைக்கிளைப் பற்றிப் புத்தகம் படித்தவன் நான். பட்டப்படிப்பே முடித்தாயிற்று, இரண்டு ஊசியா பிரமாதம்?

பாய் அரக்கு நிறத்தில் இரண்டு சிட்டம் கம்பளி நூலும், ஒரு ஜோடி ஊசியும், ஊசியோடு வந்த இங்கிலீஷ் துண்டுப்பிரசுரமும் எடுத்துக் கொடுத்தார். 'ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்' என்றது பிரசுரம். எந்த ஊர் மாலை என்று போடவில்லை. கூடவே பாயும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்:

"ஊசியில முப்பது கண்ணி ஏத்துங்க. எல்லா வரிசையும் சாதாப் பின்னல். முக்கியமா இறுக்காதீங்க. ஊசிங்கிறது விருந்தாளி மாதிரி வரணும், போகணும். உள்ள குடியிருக்கக் கூடாது."

"நீங்க நல்லாப் பின்னுவீங்களோ பாய்?"

"நானா? எனக்கு எதுக்கு அந்தச் சோலி? பதினஞ்சு வருஷமா தொரைசானிங்க பேசறதக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்ல!"

நாட்டில் முக்கால்வாசி ஆலோசனை இப்படித்தான் கிடைக்கிறது. அதுவும் பாய் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது - அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வாரம் முப்பது கண்ணி முப்பத்தேழாயிற்று. நான் ஏற்றவில்லை. எங்கிருந்து வந்தன? சர்க்கார் ஆபீஸில்கூட இப்படி உத்தரவில்லாமல் ஆள் சேர்ந்து பார்த்ததில்லை! அவிழ்த்தேன். மறுபடி முப்பது. ஓரத்தில் நூலைச் சுற்றியபோது ஒன்று இரண்டாகிறது என்று தெரிந்துகொள்ள நாலு நாள்.

இரண்டாவது வியாதி இறுக்கம். ஃபைல் கட்டிக் கட்டிப் பழகிய கை. கண்ணி விழுந்ததும் சுண்டி ஓர் இழுப்பு இழுத்தால்தான் மனசு ஆறும். அடுத்த வரிசையில் ஊசி உள்ளே போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்புவேன். செண்பகம் கரியடுப்புப் பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள்.

"என்னங்க, கோழியா அறுக்கறீங்க?"

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"மொதல்ல மூச்சு விடுங்க. முகமெல்லாம் செவந்து கெடக்கு."

"பதினெட்டு... பத்தொம்பது..."

"எண்ணுங்க, எண்ணுங்க. வெரசா எண்ணுங்க. தை வந்துரும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. பத்தொன்பதுக்கு அப்புறம் என்ன என்பதே மறந்துவிடும்.

ஆபீஸிலிருந்து வந்ததும் தினமும் இதே கூத்து. மார்கழி பாதியில் முதல் சிட்டம் தீர்ந்தது. சிட்டம் என்றால் சும்மா பெரிய பெரிய சுற்றாகக் கட்டிய நூல்; பிரித்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டால்தான் பின்ன வரும். முதல் சிட்டத்தை நாற்காலியைக் கவிழ்த்து அதன் காலில் மாட்டி நானே சுற்றினேன். ஒரு சாயங்காலமும் பதினோரு முடிச்சும் ஆயிற்று. இரண்டாவதைச் சுற்ற வேண்டுமே என்ற கவலையோடு மறுநாள் ஆபீஸ் விட்டு வருகிறேன்... மேஜைமேல் லட்டு மாதிரி உருண்டை!

"சும்மாத்தான் இருந்தேன். சுத்தி வெச்சேன்" என்றாள்.

முதலில் மனம் குளிர்ந்து போனேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. உதவியா இது? அல்லது சீக்கிரம் முடித்துத் தொலையட்டும், மூட்டை கட்டலாம் என்கிற அவசரமா?

வளையத்துக்கு அளவு வேண்டுமே. ஒரு சணலை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்தேன்.

"அட்டிகை செய்யப் போறீங்களா?"

"பொறுத்துப் பாரு" என்றேன் கர்வமாக.

போகிக்கு முதல் நாள் முடித்தேன். இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து மேஜையில் வைத்தேன். மப்ளர் என்றால் துவண்டு விழ வேண்டாமா? இது டப்பா மாதிரி நிமிர்ந்து நின்றது! போகட்டும், நாளாக நாளாக இளகும் என்று செண்பகத்தை உட்கார வைத்து மேலிருந்து மாட்டினேன்.

நெற்றியில் நின்றுவிட்டது.

அழுத்தினேன். பின்னால் கொண்டை தடுத்தது.

"ஏங்க, காது! காதையும் சேர்த்துக் கழட்டிராதீங்க!"

அப்போதுதான் உறைத்தது. கழுத்துக்குச் சரியாக அளவெடுத்தேன். கழுத்துக்குப் போகிற வழியில் தலை என்று ஒன்று இருப்பது என் கணக்கிலேயே வரவில்லை! குழந்தைச் சட்டை தைக்கிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி...

உச்சந்தலையில் அரக்கு வளையத்தோடு செண்பகம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாளை போகி. நாளை மறுநாள் தை.

"அந்த மனுவை எடு. தேதி போட்டுர்றேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "எங்க வெச்சேன்னு தெரியல. தேடணும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். தலையில் அந்த வளையத்தை எடுக்கவேயில்லை.

அரைமணியாயிற்று. ஆளைக் காணோமே என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். செண்பகம் படியேறி வந்துகொண்டிருந்தாள். குடம் தலைமேல்! ஒரு கை புடவையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை காற்றில் ஆடி ஆடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. கூட வந்தவர் அடுத்த வரிசை வீட்டு மேரியக்கா. உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிறவர். அன்று குடம் உருண்டபோது முதலில் சிரித்தவரும் அவர்தான்.

"ஏங்க, அசையவே இல்லீங்க!" என்று கீழிருந்தே கூவினாள்.

குடத்தை இறக்கியதும் மேரியக்கா அந்த வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெத்துன்னும் இருக்கு, வெறப்பாவும் இருக்கே! அவுந்துராதா செம்பகம்?"

"அவுக்க முடியாதுக்கா. அவரு போட்ட முடிச்சு. நுனியும் கெடையாது."

"ஆம்பளயா போட்டாரு?"

"ஆமாக்கா. மப்ளராம்!"

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். போகட்டும்.

தை பிறந்தது. பொங்கல் பொங்கியது. மனுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானா பேசுவேன்? வெள்ளனே குடத்தோடு கிளம்பினால் குழாயடியில் அவள் குரல்தான் முதலில் கேட்கிறது. 'பழநிச் செம்பகம்' என்று ஒரு செல்லப்பெயர் வேறு. எனக்குள் ஒரு தத்துவம் உருவாகிவிட்டது: ஒரு ஊர் ஒத்துப்போவதற்குக் கம்பளி வேண்டாம், வம்பு பேச நாலு பேர் போதும், அந்த நாலு பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது என் சும்மாடு. ஆகவே என் குடும்பத்தைக் காப்பாற்றியது நானே! இந்த வாரப் பத்திக்கு இதையே விஸ்தாரமாக எழுதுவதாக இருந்தேன்.

கெடுத்தது மேரியக்கா. தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். மிச்சமிருந்த அந்த இரண்டாவது உருண்டையிலேயே பின்ன ஆரம்பித்தேன். போன செவ்வாய்க்கிழமை உருண்டை சிறுத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. உள்ளேயிருந்து ஏதோ ஒரு மூலை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. இழுத்தேன். எட்டாக மடித்த காகிதம்.

'...மாற்றித் தர வேணுமாய்ப் பணிவுடன்...'

கீழே என் கையெழுத்து. தேதி இல்லை.

யோசித்துப் பார்த்தேன். இந்த உருண்டையை அவள் சுற்றியது மார்கழி பாதியில். வளையம் பிறக்கவில்லை. மேரியக்கா பேசவில்லை. குழாயடியில் இன்னும் சண்டை.

"செண்பகம்! இது என்ன?"

வந்து பார்த்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

"நூல் சுத்த நடுவுல ஒரு பேப்பர் வேணும்ல? அதுதான் கைக்குக் கெடச்சுச்சு."

"வீட்ல வேற பேப்பரே இல்லையா? என் பத்திரிகைக் கட்டு அத்தன கெடக்கே!"

"அதுல நீங்க எழுதுனது இருக்கு. கசக்கலாமா?"

என் எழுத்துக்கு இப்படி ஒரு மரியாதை அதற்குமுன் யாரும் செய்ததில்லை.

"அப்ப அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா? ஏன் சொல்லல? விரல் வீங்க வீங்க நான் பின்னிக்கிட்டிருந்தேனே..."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்றாள்.

"குளிரு?"

"அது பாட்டுக்குக் கெடக்கு."

உள்ளே போய்விட்டாள். இரண்டு மாதம் என் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்தவள், குளிரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. என் தத்துவம் போயிற்று. பத்தியும் போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்.

பச்சை நூல் வாங்கி வந்துவிட்டேன். நேற்று சாயங்காலம் அவள் சிட்டத்தை இரண்டு கையிலும் மாட்டிப் பிடித்துக்கொள்ள, நான் உருண்டை சுற்றினேன். நடுவில் வைக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அதே மனுவை எடுத்து வைத்தேன்.

சர்க்காருக்கு எழுதிய மனு ஒன்று, மேலே போகாமலே இவ்வளவு நல்ல உத்தரவு வாங்கி வந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.