இவங்களையும்

1957 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். கிணற்றடியில் பல் துலக்கி, முகச்சவரம் செய்து, ஆலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்தேன். காஜா பெராங் சாலையில் அப்போது ஆள் நடமாட்டம் இல்லை. சமையற்கட்டில் என் மனைவி எஸ்தர் பச்சைப்பயறு கஞ்சிக்குத் தேங்காய் பிழிந்துகொண்டிருந்தாள். வாசனை நன்றாக இருந்தது. ஒரு மங்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனேன்.

"அதுல கை வெக்காதீங்க. அது அவங்களுக்கு. உங்களுக்கு ரொட்டி இருக்கு, பசியாறிக்குங்க."

அவங்க என்றால் சிறைக் கைதிகள். எங்கள் சபைப் பெண்கள் நாலைந்து பேர் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்து, பாடி, ஜெபித்து, கஞ்சி கொடுத்துவிட்டு வருவார்கள். திருடியவனும் வெட்டியவனும் என் வீட்டுக் கஞ்சியைக் குடிப்பார்கள். நான் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றேன். அப்போதுதான் இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தபோது அதில் இரத்தம் இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. அவள் கஞ்சிச் சட்டியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: இரத்தத்தைப் பார்த்த அன்றே சொல்லிவிடுங்கள். நான் மூன்று வாரம் மறைத்தேன். அதற்குள் சாயங்காலக் காய்ச்சல் வந்தது, சட்டை தொளதொளத்தது, ரப்பர் கம்பெனியில் நான் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்த மேசையிலேயே ஒரு நாள் தலை சாய்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு குழி (கிருமி அரித்து உண்டான பள்ளம்) இருப்பதாகச் சொன்னார்கள். காசநோய். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடியே பேசினார்.

"முந்தி மாதிரி இல்லை, இப்ப மருந்து இருக்கு. ஆனா மருந்து பாதி, ஓய்வு பாதி. நீர் பேசாமல் படுத்திரும். கோவம் வந்தா காய்ச்சல் ஏறும், விளங்குதோ?"

விளங்கியது என்றேன். எனக்குக் கோபமே வராது என்றும் சொன்னேன்.

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைப் பிட்டத்தில் போடுவார்கள். சில நாள் கழித்துக் காதுக்குள் ஒரு வண்டு குடியேறியதுபோல் ரீங்காரம் கேட்கும். எழுந்து நின்றால் தரை சாயும். பி.ஏ.எஸ். (கிருமி பெருகாமல் தடுக்கும் மருந்து) வயிற்றைக் குமட்டும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, ஒன்றும் செய்யாமல் கிடப்பது. ஆகையால் பார்வையாளர் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு திறக்கும். எஸ்தர் பஸ்ஸில் வருவாள். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் செய்தி, சபைச் செய்தி, கிளேபாங்கில் இருக்கும் அவள் தங்கையின் செய்தி எல்லாம் சொல்லி, கட்டில்காலடியில் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னோடு மட்டும் இருந்த நேரம் இதுதான் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், சிறைக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவாள். அதைச் சகித்தேன்.

ஜூன் மாதம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு மலாய்க்காரச் சிறைக்காவலர் வந்து, அவன் கணுக்காலைக் கட்டில் கம்பியோடு சங்கிலியில் பூட்டிவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவன் பெயர் முனியாண்டி. குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவன். சம்சுச் சாராயத்தைக் குடித்துவிட்டு, பாராங்கை (வெட்டுக்கத்தியை) எடுத்துத் தன் மச்சான் கையை வெட்டியவன். இதையெல்லாம் அவனே சொன்னான். ரகசியம்போலக்கூடச் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. எஸ்தர் வந்தாள். என் கட்டிலுக்கு ஒரு கட்டில் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"முனியாண்டி! இங்கயே வந்துட்டியா?"

"ஞாயித்துக்கெழம மட்டும்தானே அக்கா அங்க வர்றீங்க. இங்க தெனமும் வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் வந்துட்டேன்."

அவள் சிரித்தாள். காவலரும் சிரித்தார். அவருக்கு இவளைச் சிறையிலேயே பழக்கம். நான் சிரிக்கவில்லை. தூக்குச்சட்டி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து தூக்குச்சட்டியின் கீழ்த்தட்டு எனக்கு, மேல்தட்டு அவனுக்கு. அவனுக்குக் கை நடுங்கும். கரண்டி பிடிக்க முடியாது. எஸ்தர் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். நான் என் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, நானே அள்ளிச் சாப்பிட்டேன். அவள் பார்வைக்கு நான் ஒழுங்கான நோயாளி. தொந்தரவு கொடுக்காதவன்.

ஒரு நாள் என் கரண்டியை வேண்டுமென்றே தவறவிட்டேன்.

"என்னாங்க ஆச்சு?"

"கை நடுங்குது."

அவள் பதறிப்போய் எழுந்து ஓடி மிஸ்ஸியை (நர்ஸை) அழைத்துவந்தாள். மிஸ்ஸி என் நாடியைப் பிடித்துப் பார்த்து, வாயில் வெப்பமானியைச் செருகினாள். வாய் நிறைய வெப்பமானியோடு நான் கிடக்க, எஸ்தர் முனியாண்டிக்கு மிச்சக் கஞ்சியை ஊட்டி முடித்தாள்.

"கிராணியாருக்கு நடுக்கம் நல்லா வருது," என்றான் அவன். "எனக்கே இப்டி வராது லா."

இதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமற்போனது ஜெபம்.

அவள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில், கால்மாட்டில் நிற்பாள். நான் சிறுவயதிலிருந்து பழகியபடி கைகூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஜெபத்தில் கண் திறப்பவனை எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பிரம்பால் தட்டுவார்கள்.

"ஆண்டவரே, முனியாண்டியைத் தொடும். முனியாண்டியோட நெஞ்சுச் சளியைக் கரையப்பண்ணும். முனியாண்டி தன் மச்சான்கிட்ட மன்னிப்புக் கேக்க வழி செய்யும். இவங்களையும் நினைச்சருளும். இவங்க மனசுல உள்ள கசப்பை எடுத்துப்போடும். இவங்க கோபத்தை மன்னியும். ஆமென்."

நாள் தவறாமல் இதுதான். முனியாண்டி, முனியாண்டி, முனியாண்டி. அதற்குப் பின் இவங்க. சிறையில் கிடக்கும் மற்றக் கைதிகள் எல்லாரும். கசப்பும் கோபமும் அவர்களுக்குத்தானே இருக்கும். கடவுள் வரைக்கும் போன அவள் வாயில் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இருபது வருஷம் சபைக்குக் காணிக்கை எண்ணியவன் நான். ஒருவனையும் வெட்டியதில்லை. சம்சு எப்படி மணக்கும் என்றுகூடத் தெரியாது. அதனால்தான் என்னை விட்டுவிட்டாளா?

கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற ஜெபத்துக்கு என்ன மதிப்பு?

காய்ச்சல் மறுபடி ஏறத் தொடங்கியது. டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார்.

"சாயங்காலத்தில மட்டும் ஏறுது. நாலு மணிக்கு என்ன நடக்குது?"

"என் மனைவி வர்றாங்க."

"அப்ப இறங்கவேணுமே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் கடைசியில் நாடு சுதந்திரம் (மெர்டேக்கா) பெற்றது. வார்டில் ரேடியோ வைத்தார்கள். எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். முனியாண்டியும் சங்கிலியோடு நின்றான்.

"எல்லாருக்கும் மெர்டேக்கா. எனக்கு மட்டும் அடுத்த வருசமா?" என்றான். காவலர் அவனுக்கு ஒரு சிகரெட்டைக் காட்டிவிட்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டித் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார். வார்டே சிரித்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நல்ல மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். காவலர் உட்கார்ந்தபடியே தூங்கினார். முனியாண்டி தன் சங்கிலியைக் கால்விரலால் ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் என்னைக் கிளறியது.

"ஒனக்கென்னப்பா, தெனமும் பேர் சொல்லி ஜெபம். ஒனக்கும் ஒன் கூட்டாளிங்களுக்கும்."

"எந்தக் கூட்டாளி?"

"அதான், இவங்க இவங்கன்னு சொல்றாளே. ஜெயில்ல இருக்கிறவங்க."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, எழுந்து உட்கார்ந்து, எச்சில் குவளையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தான்.

"அண்ணே, இவங்கன்னா நீங்க!"

"நானா?"

"பின்ன? ஒங்க பேரு ஞானமுத்துன்னு அட்டையில பாத்துத்தான் எனக்குத் தெரியும். அக்கா வாயில வந்துருக்கா ஒரு நாளாவது? எங்கம்மாவும் எங்கப்பன் பேரச் சொல்லாது. இவங்கன்னு சொல்லும்போது அக்கா கை எங்க இருக்கும் தெரியுமா? ஒங்க கட்டில் கம்பியில. நீங்கதான் கண்ண மூடிக்கிறீங்களே. நான் மூடமாட்டேன், எங்க சாமியக் கும்பிடும்போது பாத்துத்தான் கும்பிடுவோம்."

புருஷன் பெயரைச் சொல்லாத மனைவி, கடவுளிடமும் சொல்லமாட்டாள். ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லைப் பலரைக் குறிப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். அவள் நாள்தோறும் மன்னிப்புக் கேட்ட கோபம், எடுத்துப்போடச் சொன்ன கசப்பு, எதுவும் சிறைக்குள் இருக்கவில்லை.

"கைதிங்கன்னு நெனச்சாராம்," என்று அவன் மேலே விட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "கிராணியாரே, நீங்களும் எங்க லோக்கப்புதான்."

எனக்கு மனம் நிறைந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறு. இவனுக்கு நுரையீரலைக் கேட்கிறாள், எனக்கு மனதையா? எனக்கும் நுரையீரலில்தானே குழி? அதோடு, மூன்று மாதம் என் மனைவி என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை, இவன் பார்த்திருக்கிறான். அதற்கும் பொறாமைப்பட்டேன். நோயாளிகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்: பொறாமை ஒரே நாளில் இறங்கிவிடாது. காய்ச்சல் அதற்கு முன்னாலேயே இறங்கியது.

அக்டோபரில் முனியாண்டியின் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. சிறைக்குத் திரும்ப அழைத்துப்போக ஒரு காலையில் சங்கிலியைக் கழற்றினார்கள். அவன் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"வர்றேன் அண்ணே. இனிமே நாலு மணி முழுசா ஒங்களுக்குத்தான்."

"ஒடம்பப் பாத்துக்கோ," என்றேன்.

அன்று சாயங்காலம் எஸ்தர் வந்தாள். இரண்டு தட்டும் எனக்கே. எல்லாச் செய்தியும் சொல்லி முடித்தாள். நேரம் மிச்சம் இருந்தது. இருவரும் விரிப்பு மாற்றிய பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஆசைப்பட்ட ஒரு மணி நேரம் அது. அவ்வளவு நீளமானதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழி சுருங்கி வடுவாகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை மட்டும் இன்னும் பல மாதம் விடக்கூடாது. சைக்கிள் கூடாது. வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகவே ஒருமுறை நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. முன்பு என் உடம்பு எங்கே இருக்கிறது என்றே நான் நினைத்ததில்லை. இப்போது அதைக் கண்ணாடிச் சாமான்போல் ஏந்திக்கொண்டு நடக்கிறேன். கடிகாரம் நாலு அடித்தால், வீட்டிலேயே இருந்தும், கதவைப் பார்க்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. எழுந்தபோது பச்சைப்பயறு வாசனை வந்தது. எஸ்தர் கஞ்சிச் சட்டியின் வாயைக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஜெபத்துக்கு நின்றாள். நான் கைகூப்பினேன். ஆனால் இந்த முறை கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, முனியாண்டியை நினைச்சருளும்," என்று தொடங்கினாள்.

இன்றும் அவன் பெயர்தான் முதலில் வந்தது. அவள் கையைப் பார்த்தபடி காத்திருந்தேன்.