ரிப்பேர் வண்டி

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க வூட்ல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். இந்த விஷயத்துல எனக்கு வந்தது நியாயமான கோவம்தான். அதைக் கொண்டுபோய்க் கொட்டின எடம்தான் தப்பு.

எங்க நைனாகிட்ட ஒரு பழைய நூறு சிசி வண்டி இருக்கு. டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தணும். கிளம்புறப்ப தெருவே கொசு மருந்து அடிச்ச மாதிரி ஆயிடும். எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல. மாமல்லபுரத்துல கடலோரமா ஒரு ஓட்டல்ல நைனாவுக்குத் தோட்ட வேலை. அறுபத்தேழு வயசாகியும் விடல, தினம் அந்த வண்டியிலதான் போறாரு, வர்றாரு. உப்புக் காத்துல ஸ்போக்ஸ் கம்பியெல்லாம் துரு ஏறி, சைலன்ஸர் அடியில ஓட்டை விழுந்து, மட்கார்டு பாதி காணாம போயிடுச்சு. ஹெட்லைட்டைப் போட்டா லைட்டு எரியுதான்னு பார்க்க இன்னொரு டார்ச்சு வேணும்.

நான் செங்கல்பட்டுல ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை செய்யுறேன். அங்கயே வாடகை வூடு. ஊருக்குப் போறது ஞாயித்துக்கிழமை மட்டும். போறப்பல்லாம் சண்டை. "ஒரு புது ஸ்கூட்டி எடுத்துக்கலாம் நைனா." வேணாம். "சரி, இதையாவது ரிப்பேர் பண்ணிடலாம்." வேணாம். "இப்டியே கெடக்கட்டும்டா, ஓடுதில்ல?" அவ்ளோதான், துண்டை உதறித் தோள்ல போட்டுகினு எழுந்து போயிடுவாரு. இப்படி ஒரு பிடிவாதம் புடிச்ச ஆளை நான் பார்த்ததே இல்லன்னு அம்மாகிட்ட கத்துவேன். அம்மா எதுவும் சொல்லாது. சொல்லியிருக்கலாம்.

போன மழைக்காலத்துல அம்மா போன் பண்ணுச்சு. "உங்க நைனாவுக்கு முட்டி வீங்கிகினு கீதுடா. வண்டி அடிக்கடி நின்னு பூடுது. தள்ளிகினு வராரு." எனக்கு வந்ததே ஆத்திரம். அவரு முட்டி வலியில படுத்திருந்த நேரமாப் பார்த்து, கேக்காம கொள்ளாம ஒரு லோடு ஆட்டோவுல வண்டியை ஏத்தி செங்கல்பட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஏத்துறப்ப அவரு உள்ளேருந்து, "டேய், அத்த வுடுடா, அதுக்கு ஒண்ணும் ஆவல"ன்னு கத்துனாரு. நான் காதுல வாங்கல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரு. என் வயசுதான், என்னைவிட சிடுமூஞ்சி. வண்டியைப் பார்த்ததும் முதல்ல சிரிச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு போன்ல கூப்பிட்டாரு, சிரிப்பு இல்ல.

"அண்ணாத்த, வண்டி நின்னு நின்னு போவுதுன்னு சொன்னது யாரு?"

"எங்கம்மா. ஏன்?"

"இன்ஜினைப் பிரிச்சு வெச்சிகினு உக்காந்துகினு கீறேன். பிஸ்டன் கெட்டியா கீது. கரண்டும் ஒழுங்கா வருது, கார்பரேட்டரும் சுத்தமா கீது. இது தானா நிக்கிற வண்டி இல்ல."

போய்ப் பார்த்தேன். பழைய பேப்பர் மேல கிக்கரோட ஷாஃப்ட்டை எடுத்து வெச்சிருந்தாரு, கிக்கரை ஒதைக்கிறப்ப இன்ஜினைச் சுத்தி விடுற இரும்புத் தண்டு. அதோட பல்லெல்லாம் வழவழன்னு தேய்ஞ்சு போயிருந்துச்சு. "இத்த மாத்தி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவல, பாத்தா தெரியும்"னாரு. "தண்ணி கேன் போடுற வண்டி கூட இப்டி தேயாது. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டிதான் ஒதைக்கிறாரு உங்க நைனா? சாவி ஸ்விட்சும் அதே கதி. சும்மா சும்மா ஆஃப் பண்றாரு, சும்மா சும்மா ஸ்டார்ட் பண்றாரு. இன்னா பழக்கம் இது?"

எனக்கு அங்கயே புரிஞ்சிடுச்சு. 

எங்க காலனி ஊருக்குப் பின்னால. மெயின் ரோட்ல இருந்து வரணும்னா தண்ணி டேங்க்ல திரும்பி, ஊர்த்தெரு வழியாத்தான் வரணும். வேற வழி கிடையாது. நைனா அந்த வண்டியை வாங்கினப்ப எங்க காலனியில அதுதான் முதல் வண்டி. அப்ப நாங்க ஊர்த்தெருவுல செருப்பைக் கையில எடுத்துகினு நடந்த காலம் முடிஞ்சிருந்துச்சு, ஆனா வண்டியில உக்காந்துகினு போற காலம் வரல. நைனா டேங்க் திருப்பத்துல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணுவாரு. எறங்குவாரு. ரேஷன் கடை வரைக்கும் தள்ளுவாரு. ரேஷன் கடை தாண்டினதும் ஒதைச்சு ஏறிக்குவாரு. காலைல போறப்ப ரேஷன் கடையில எறங்கி டேங்க் வரைக்கும் தள்ளுவாரு. வாசல்ல உக்காந்திருக்கிறவங்க யாராவது, "இன்னாடா, வண்டி ரிப்பேரா?"ன்னு கேப்பாங்க. "ஆமாங்க, ரிப்பேருங்க"ன்னு இவரு சொல்லுவாரு. அவங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனா ரெண்டு பேரும் ரிப்பேருன்னே பேசிக்குவாங்க. எங்க தெருவுல அதுக்குப் பேரே ரிப்பேர் வண்டிதான். சின்ன வயசுல நானும் பின்னால கையைக் குடுத்துத் தள்ளியிருக்கேன். நெஜமாவே ரிப்பேருன்னு நெனச்சுத் தள்ளினேன். எட்டாவது படிக்கிறப்பதான் வெளங்குச்சு.

அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன். இன்னிக்கு எங்க காலனிப் பசங்க ஒரே வண்டியில மூணு பேரு ஏறிகினு, ஆரனை அழுத்திகினு அந்தத் தெருவுல பறக்குறானுங்க. யாரும் வாயைத் தொறக்குறதில்ல. நானே போறேன், வர்றேன். எங்க நைனா மட்டும் இன்னும் எறங்கிகினு இருக்காரு. வீங்கின முட்டியோட. தினமும். ஐயோ, நெனச்சாலே பத்திகினு வருது. அந்தத் தெரு மேல கோவம். எறங்குற இவரு மேல கோவம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு சாப்பிட்டுட்டுப் போற எனக்கு இத்தனை வருசமா இது கண்ணுல படல பாரு, அந்த வெக்கக்கேடு தனி.

அப்புறம் நான் வெறி புடிச்ச மாதிரிதான் இருந்தேன். "எல்லாத்தையும் மாத்து"ன்னேன். ஆறு வோல்ட் வயரிங்கை மொத்தமா உருவிட்டு பன்னெண்டு வோல்ட். இன்ஜினுக்குப் பொறி குடுக்கிற பழைய பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் இக்னீஷன். எல்இடி ஹெட்லைட்டு, புது கிக்கர் ஷாஃப்ட்டு, புது சாவி ஸ்விட்ச், துரு ஏறாத ஸ்போக்ஸ், ரெண்டு டயரு. நைனா முட்டிக்காக சீட்டுக்கு நல்ல ஸ்பாஞ்சு. லேப் முடிஞ்சு தினம் சாயங்காலம் போய் மெக்கானிக் தலை மேல உக்காந்துக்குவேன். "இன்னா அண்ணாத்த, ரேஸுக்கா வுடப் போற?"ன்னு கடுப்படிச்சாரு. "எங்க ஊர்த்தெருவுல வுடணும்"னேன். அவருக்கு ஒண்ணும் புரியல.

வண்டி ரெடியான சனிக்கிழமை, முட்டியைக் காட்ட நைனா பஸ்ல செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாரு. காட்டி முடிச்சதும் வண்டியைக் கொண்டாந்து எதிர்ல நிறுத்தினேன். மொகத்தைத் தூக்கி வெச்சிக்குவாருன்னு நெனச்சேன். இல்ல. பெட்ரோல் டேங்கைத் தடவிப் பார்த்தாரு. லைட்டைப் போட்டுப் பார்த்து, "கண்ணு கூசுதுடா"ன்னாரு. பின்னால ஏறி உக்காந்து, "மெத்து மெத்துனு கீது"ன்னாரு. திருக்கழுக்குன்றத்துல டீ குடிச்சோம். டீ க்ளாஸைக் கையில வெச்சிகினு வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு. கடைக்காரர்கிட்ட, "என் வண்டிதான்"னு கேக்காமலே சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. இன்னிக்கு இந்த மனுசனை அந்தத் தெருவுல எறங்காம கூட்டிகினு போகப் போறேன்னு ஒரே நெனப்பு.

தண்ணி டேங்க் வந்துச்சு. திரும்பினேன். என் கக்கத்துக்கு அடியில ஒரு கை வந்துச்சு. சாவியைத் திருப்புச்சு.

இன்ஜின் அடங்கிடுச்சு. நைனா எறங்கிட்டாரு.

"எறங்குடா"ன்னாரு மெதுவா.

"ஏறு நைனா."

"எறங்குன்றேன்."

"நான் எறங்க மாட்டேன். நீ ஏறு."

 வண்டி தானா நகர ஆரம்பிச்சுது. திரும்பிப் பார்த்தா, சீட்டுக்குப் பின்னால ரெண்டு கையையும் குடுத்துத் தள்ளிகினு வர்றாரு. நான் எறங்காததால என்னையும் சேர்த்துத் தள்ளுறாரு! அப்பவாவது நான் எறங்கியிருக்கணும். எறங்கல. வீம்பு. கல்லு மாதிரி உக்காந்துகினு இருந்தேன், பின்னால அவரு செருப்பு தேயுற சத்தமும் மூச்சு வாங்குற சத்தமும் கேட்டுகினே இருந்துச்சு.

நாலு வூடு தள்ளி ஒருத்தரு வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு போனை நோண்டிகினு இருந்தாரு. நைனா வயசுதான். எங்க நைனாவோட அப்பா காலத்துல அவங்க நெலத்துலதான் எங்களுக்கு வேலை. தலையைத் தூக்கினாரு.

"இன்னாடா, புள்ளைய குந்த வெச்சித் தள்ற? இன்னும் ரிப்பேரா?"

நைனா வாயைத் தொறக்குறதுக்குள்ள நான் முந்திகினேன்.

"ரிப்பேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வண்டி புதுசு மாதிரி கீது. இது எப்பவுமே ரிப்பேர் கெடையாது. எங்க நைனா உங்களுக்குப் பயந்துகினு எறங்கித் தள்றாரு. இத்தினி வருசமா பொய் சொல்லிகினு தள்றாரு. உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி கேக்காதீங்க!"

தெருவுல நாலு பேரு வெளிய வந்துட்டாங்க. சேர்ல இருந்தவருக்கு மொகம் சுருங்கிடுச்சு. "யாருப்பா இப்ப எறங்கச் சொன்னது? யார்னா சொன்னாங்களா? போங்கப்பா, தாராளமா போங்க"ன்னாரு. யாரும் சொல்லலையாம்!  இன்னும் நாலு வார்த்தை கேக்கலாம்னு நைனா பக்கம் திரும்பினேன்.

அவரு நடுத்தெருவுல சட்டையை அவுத்துட்ட மாதிரி நின்னுகினு இருந்தாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது. வண்டி ரிப்பேருன்னா அவரு யாருக்காகவும் எறங்கல, வண்டி நின்னு போச்சு, அதனால எறங்குறாரு. அந்த ஒரு வார்த்தையை வெச்சிகினுதான் இத்தனை வருசம் தலை குனியாம அந்தத் தெருவைத் தாண்டியிருக்காரு. அதுக்காகத்தான் ரிப்பேர் பண்ண வுடல, புதுசும் வாங்க வுடல. நான் போய் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.

"எறங்கு"ன்னாரு.

எறங்கினேன். அவரு முன்னால ஏறி உக்காந்தாரு. வலிக்காத காலால ஒதைச்சாரு. ஒரே ஒதை, புடிச்சிகிச்சு. என்னை ஏறச் சொல்லல. ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, கியரே மாத்தாம, இன்ஜின் அலற அலற ரேஷன் கடை வரைக்கும் போனாரு. நான் அந்தத் தெருவுல தனியா நடந்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துகினு இருந்தாங்க.

வூட்டுக்குப் போனா, வண்டி வாசல்ல நிக்குது. நைனா பக்கத்துல காலை நீட்டி உக்காந்து முட்டியைத் தேச்சுகினு இருக்காரு.

"உனுக்கு இன்னா, வாய் கிழியப் பேசிட்டு நாளைக்கு பஸ் ஏறிப் பூடுவ"ன்னாரு. "திங்கக்கெழம காலைல வேலைக்குப் போவணும். நான் இன்னா சொல்லி எறங்குவேன்? சொல்றா."

"எறங்காத நைனா."

"சொல்லிட்டான் பாரு, பெரிய கலெக்டரு"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை முழுக்க என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

திங்கக்கிழமை லேப்ல எனக்கு வேலையே ஓடல. ஒருத்தங்களுக்கு ஊசி குத்துறப்ப நரம்பு தப்பி, அந்தம்மா என்னைத் திட்டுச்சு. எட்டரை மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கெளம்பிட்டாராம்மா?"

"கெளம்பிட்டாரு."

"எறங்குனாரா?"

"நான் இன்னாத்தடா கண்டேன், வாசல்ல நின்னுகினு காத குடுத்துகினு இருந்தேன். ரேஷன் கடையாண்ட எப்பவும் சத்தம் நின்னு பூடுமில்ல?"

"நின்னுச்சா?"

 அம்மா மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

"நிக்கலடா. டேங்காண்ட வரைக்கும் கத்திகினே போச்சு."