தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒரு கூடு

பூச்சிகளைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கரப்பான், கொசு, மூட்டைப்பூச்சி என்பதோடு தாராவிப் பிள்ளையின் பூச்சி அறிவு முடிந்துவிடும். மூட்டைப்பூச்சியில் மட்டும் செய்முறைப் பயிற்சியும் உண்டு.

அப்படிப்பட்ட எங்கள் வீட்டு வரிசைக்கு, எண்பதுகளில் ஒரு வருஷம் மழை விட்ட கையோடு அது வந்து சேர்ந்தது. என் சுண்டுவிரல் நீளம். கருஞ்சிவப்பு உடம்பு, வயிற்றைச் சுற்றி மஞ்சள் பட்டை. பின்னங்கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாடகைக்கு இடம் பார்க்க வந்த ஆள் மாதிரி இரண்டு நாள் சுற்றியது. பிறகு வாசலில் தண்ணீர் டிரம்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, தகரக் கூரையின் விளிம்பில் கூடு கட்டத் தொடங்கியது. சீக்கிரமே அதன் உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். பம்பாயில் அதுதானே முறை.

"இது கடந்தைலா" என்றார் அப்பா. "பனைமரத்துல கூடு வைக்கும். நாலு சேந்து கொட்டிச்சுன்னா ஆள் காலி." அப்பா மீசை முளைக்கும் முன்பே ஊரை விட்டு வந்தவர். பனைமரத்தை ரயில் ஜன்னல் வழியாகத்தான் அதிகம் பார்த்திருப்பார்.

"கடந்தை பம்பாய்க்கு எதுல வந்துச்சாம், மெயில்லயா?" என்றாள் அம்மா. "ஏதாவது குளவியா இருக்கும்."

பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா எட்டிப் பார்த்து, "காந்தீல்மாஷி" என்று அவள் பாஷையில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் பாடப்புத்தகத்தில் தேனீ படம் ஒன்றுதான் இருந்தது. ஆகவே நான் தேனீ என்றேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அப்பா ஒரு மூங்கில் கழியில் பழைய துணியைச் சுற்றி, ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றி நனைத்தார். அப்போதுதான் சித்தி பேசினாள்.

சித்தியும் சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார்கள். சித்தி உடன்குடிப் பக்கம். அவளுடைய அய்யா பனையேறி. ஒருநாள் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகிற வரைக்கும் பனங்காட்டில் பதநீர் சுமந்தவள் அவள். அந்தத் தகுதியால் எங்கள் வீட்டில் எதற்கும் அவளிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அப்பாவிடம் அவள் நேராகப் பேசுவதும் கிடையாது, புருஷனின் அண்ணன். எது சொல்வதானாலும் என் மூலமாகத்தான்.

"ஏல, அப்பாட்ட சொல்லு. அது குளவி. குளவிக் கூட்டக் கலைக்கப்படாது."

அப்பா கை எட்டும் தூரத்தில் நின்றார். "குளவின்னு எப்படித் தெரியும்னு கேளு."

"மண்ணு எடுத்துட்டு வருதுன்னு சொல்லு. கும்பார்வாடாவுல பானை செய்ற களிமண்ணு."

நான் வாயையே திறக்கவில்லை. தந்திக் கம்பம் மாதிரி நடுவில் நின்றால் போதும், சேதி தானாகப் போய்விடும்.

குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒரு குழந்தை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை யாரும் கலைக்க மாட்டார்கள். சித்திக்குக் குழந்தை இல்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்பது, இல்லாவிட்டால் அவளை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுவது, சித்தப்பாவுக்கு அத்தை மகளைக் கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். ஒரே அறை என்பதால் எனக்கும் தெரியும், சித்திக்கும் தெரியும். குர்லாவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, பீடி பற்றவைக்கத் தவிர வாயைத் திறக்காதவர், இதற்கும் திறக்கவில்லை.

அப்பா கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கூடு பிழைத்தது. அதற்கு அடியில் நின்று தண்ணீர் பிடிக்க வேறு யாருக்கும் தைரியம் வராததால், அந்த வேலை முழுக்கச் சித்திக்கு வந்தது.

ஒருநாள் காலையில் அவள் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று இறங்கி அவள் முழங்கைக்கு மேலே உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சித்தி கத்தவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு டிரம்மோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கொட்டிட்டா சித்தி?"

"ஒண்ணுமில்ல. யார்ட்டயும் சொல்லப்படாது, என்ன?"

முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டாள். எனக்கு ஒரு கடலை மிட்டாய் கிடைத்தது. அந்த விலைக்கு நான் அரசாங்க ரகசியத்தையே காத்திருப்பேன்.

மத்தியானத்துக்குள் அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. வாந்தி எடுத்தாள். எழுந்தால் தலை சுற்றியது. அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குளவி பொய் சொல்லுமா?" என்றாள். அன்று சாயங்காலம் அப்பா கழியிலிருந்த துணியை அவிழ்த்துப் போட்டார். சித்தப்பா குர்லாவிலிருந்து சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான பிறகு அவர் வாங்கி வந்த முதல் பழம் அதுவாக இருக்கலாம். சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அம்மா உரித்துக் கொடுத்த சுளைகளை ஒவ்வொன்றாகத் தின்றாள். வீங்கிய கை போர்வைக்குள் இருந்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் குரலை உயர்த்தவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி மூலையில் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள். மாதாமாதம் மூன்று நாள் அப்படி ஒதுங்கி உட்காருவது வழக்கம்தான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மா அவளுடைய தட்டைத் தரையில் சத்தத்தோடு தள்ளிவிட்டாள். இருட்டியதும் அப்பா மறுபடி கழியில் துணியைச் சுற்றினார்.

கூடு பழைய செய்தித்தாள் மாதிரி பற்றி எரிந்து, துண்டு துண்டாக டிரம் மூடிகளின் மேல் உதிர்ந்தது. அப்பா கழியால் கிளறிக் காட்டினார். "பாத்தியா, மண்ணு ஒரு பொட்டு கிடையாது. பூரா மரத்தூளு. நாந்தான் அன்னைக்கே சொன்னேன்லா, கடந்தைன்னு." அவர் ஜெயித்துவிட்டார்.

தீபாவளி கழிந்து, சித்தப்பா அவளை ஊரில் விட்டுவர அழைத்துப் போனார். நானும் அப்பாவும் தாதர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கம்பிக்கு அருகில் போய்ச் சொன்னேன்:

"சித்தி, அது குளவியே இல்லியாம். கடந்தையாம். அதான் பலிக்கல."

சித்தி என் தலையில் கை வைத்தாள். கொட்டிய இடத்தில் தோல் இன்னும் கறுத்துக் கிடந்தது.

"தெரியும்லே" என்றாள். "எங்கய்யா பனையில இருக்கும்போது மொய்ச்சது அதானே. கீழ நின்னு பாத்துக்கிட்டுலா இருந்தேன்."

வண்டி நகர்ந்தது.

தெரியும் என்றால் எதற்குக் குளவி என்று சொன்னாள்? அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் இதையே யோசித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சித்திக்குத் தெரிந்திருக்காது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டதும், முன்னமே தெரியும் என்று சமாளிக்கிறாள். கணக்குப் பரீட்சைத் தாள் திரும்பி வரும்போது நானும் அப்படித்தான் செய்வேன். ஆகவே அவள் சொன்னதை அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.