நடுவில் கடல் இல்லை

ஷாதிபூரில் எங்கள் படகு டிக்கெட் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வந்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. மெலிந்த உடம்பு. மழை இல்லாத நாளிலும் கக்கத்தில் குடை. எதைக் கேட்டாலும் கைக்குட்டையால் திரையைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

எங்களிடம் இருந்தது ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டர். டிக்கெட் மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடும். அதனால் லினக்ஸுக்குள்ளேயே ஒரு விண்டோஸை ஓடவிட்டார். தீவுக்காரர்களான நாங்கள் கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்தைச் சொல்வதுபோல் லினக்ஸுக்கு ‘மெயின்லேண்ட்’ என்றும், உள்ளே ஓடும் விண்டோஸுக்குப் பக்கத்துத் தீவின் பெயரான ‘ஹேவ்லாக்’ என்றும் பெயர் வைத்தார். இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டருக்குப் படகுத்துறையின் பெயர், ‘ஜெட்டி’.

அந்தப் பெயர்தான் என்னைக் கவிழ்த்தது. மெயின்லேண்டில் நான் தயாரித்த மறுநாள் பயணிகள் பட்டியல் ஜெட்டியில் இருந்தது. கரைக்கு ஒரு ஜெட்டி இருக்குமே, ஹேவ்லாக்கில் தெரிவது வெறும் நகல், அசல் மெயின்லேண்டில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்து அதை அழித்தேன். மெயின்லேண்டிலும் காணவில்லை.

அவர் வந்து திரையைத் துடைத்தார். “ஜெட்டி ஒண்ணுதான் சார். நடுவுல கடல் கிடையாது. இங்க அழிச்சா அங்கயும் போச்சு.”

தான் எடுத்துவைத்திருந்த பேக்கப்பிலிருந்து பட்டியலை மீட்டார். “பஸ், ஹோ கயா, முடிஞ்சுது சார். இனிமே ஹேவ்லாக்லேர்ந்து பாக்கத்தான் முடியும், அழிக்க முடியாது.”

நிம்மதியில் பேச்சுக்குக் கேட்டேன்: “நீங்க மெயின்லேண்ட் போய் எவ்வளவு நாளாச்சு?”

துடைத்த திரையையே மறுபடி துடைத்தார்.

“அங்க நடுவுல கடல் இருக்கே, சார்.”