தீர்ப்பு வந்த நாளில் மரக்கறிக் கடை

கறுப்பின இளைஞனைச் சுட்டுக் கொன்ற பொலிஸ்காரர் குற்றவாளி இல்லை என்று இன்று தீர்ப்பு வந்தது.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நான் வழக்கமாக மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையிலும் அதே பேச்சுத்தான்.

"ஓடாமல் நிண்டிருந்தா ஏன் அண்ணை சுடப்போறாங்கள்?" என்றார் கடைக்காரர், வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே.

ஊரில் யுத்த நேரம் ஆமியைக் கண்டு ஓடித் தப்பியவர்கள்தான் நானும் அவரும். அதை நினைவுபடுத்த எனக்கு வாய் வரவில்லை. வாதாடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

பக்கத்தில் மரீஸ் வாழைக்காய் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கட்டடத்தில் இருக்கும், ஹெய்ட்டியிலிருந்து வந்த கறுப்பினப் பெண். அவருக்கும் அந்த இளைஞனின் வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

"தீர்ப்பைப் பற்றித்தானே கதைக்கிறார்? என்ன சொல்கிறார்?" என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார்.

"கவலைப்படுகிறார்" என்றேன்.

மரீஸ் கண்கலங்கிக் கடைக்காரரின் கையைப் பிடித்தார். "மெர்சி, மிஸ்யூ" என்று சொல்லிவிட்டு வாழைக்காய்ப் பக்கம் திரும்பிப் போனார்.

"எனக்கேன் அண்ணை நன்றி சொல்லுறா?"

"நீங்கள் கவலைப்படுறியள் எண்டு சொன்னனான்."

கடைக்காரர் வாழைக்காய்ப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப இனி அவவைக் கண்டா நான் கவலைப்படவேணுமே?"

பதில் சொல்லாமல் வெண்டிக்காயோடு வந்துவிட்டேன். நாளைக்கு யாராவது அந்தக் கடைப் பக்கம் போனால், "ஓம், கவலைப்படத்தான் வேணும்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.